ஓசி கேஸ்

கேஸ் கம்பெனிக்காரன் கோல்பி எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஒரு டப்பா டோனட் கொண்டுவருவான். முதல் தடவை கொண்டுவந்ததை அவன் கண் முன்னாலேயே பன்றிக்குப் போட்டேன். அடுத்த தடவையும் அதே சிரித்த முகத்தோடு இன்னொரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். அந்தச் சிரிப்புக்குத்தான் அவனுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

"லியோட்டாம்மா, ஒங்க நெலத்துக்கு நல்ல காலம் பொறந்திருக்கு" என்றான்.

"என் நெலத்துக்கு என்ன காலம்னு எனக்குத் தெரியும் தம்பி. நீ வந்த ஜோலியச் சொல்லு."

ஜோலி இதுதான். எங்கள் மேட்டு வயலில், ஊற்றுக்கு நேர் மேலே, மண்ணை மழித்துச் சரளை கொட்டி, கேஸ் எடுக்கப் பாதாளம்வரை துளை போடப் போகிறார்கள். அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் என் மாடுகள் குடிக்கின்றன. நானும் குடிக்கிறேன், கீழ்வீட்டில் இருக்கிற என் தம்பி வெர்லினும் அவன் பெண்டாட்டி நெட்ராவும் குடிக்கிறார்கள். வெஸ்ட் வர்ஜீனியாவின் இந்தச் சரிவில் ஊற்று போனால் பண்ணையும் போயிற்று. பக்கத்துப் பள்ளத்தில் இப்படித்தான் ஊற்றுக்கு மேலே துளை போட்டார்கள். அந்த வீட்டுக்கு இன்றைக்கும் லாரியில்தான் தண்ணீர் வருகிறது.

முடியாது போ என்று கதவைச் சாத்திவிடலாம் என்றால், எங்கள் தாத்தா கையைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவர் காலத்தில் கம்பெனிக்காரர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கேஸ் கிணறு போட்டு, குத்தகை எழுதி வாங்கிக்கொண்டார்கள். நிலத்தில் எங்கே வேண்டுமானாலும் துளை போடலாம் என்று அதில் இருக்கிறது. பதிலுக்கு வீட்டுக்கு வேண்டிய கேஸ் இலவசம். மூன்று தலைமுறையாக எங்கள் அடுப்பும் ஹீட்டரும் ஓசியில்தான் எரிந்தன. கேஸை வெளியே விற்கக் கொண்டுபோன குழாய் எப்போதோ துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. அப்புறமும் கம்பெனி அந்தக் கிணற்றை மூடவில்லை. ஏன் மூடவில்லை என்று நாங்களும் கேட்கவில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா?

டவுனில் இருக்கிற வக்கீலம்மாதான் அந்தப் பல்லைப் பிடித்துப் பார்த்தாள்.

"இந்தக் கெணத்துல இருந்து கேஸ் எடுத்துப் பயன்படுத்துற வரைக்கும் குத்தகை உயிரோட இருக்கும்னு எழுதியிருக்கு. நீங்க பீன்ஸ் வேகவைக்கிற ஒவ்வொரு நாளும் அவங்க குத்தகைக்கு நீங்களே உயிர் குடுக்கிறீங்க" என்றாள்.

அதைக் கொல்வதற்கும் அவளே வழி சொன்னாள். ஒரு முழு வருஷம் யாரும் அந்தக் கேஸைத் தொடக் கூடாது. குத்தகை செத்துவிடும். அப்புறம் நாங்கள் சொல்கிற இடத்தில், மலை முகட்டுக்கு அந்தப் பக்கம், வேண்டுமானால் துளை போட்டுக்கொள்ளட்டும். "கெணத்து வால்வுல மட்டும் கைய வைக்காதீங்க. அது அவங்க சொத்து. வீட்டுக்குள்ள வர்ற குழாய அடைச்சுக்கிட்டாப் போதும்."

மார்ச் மாதம் என் வீட்டுக் குழாயை நானே அடைத்தேன். விறகு அடுப்பு வாங்கி வைத்தேன். கீழ்வீட்டுக் குழாயை வெர்லின் அடைத்தான், ஆனால் அவனுக்கு இது பிடிக்கவில்லை. நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகை ஒடித்துக்கொண்டவன் அவன், விறகு பிளக்க முடியாது. ஒரு சின்ன கரண்ட் ஹீட்டர்தான் அவனுக்குக் கதி.

"அக்கா, ஒனக்குக் கம்பெனிக்காரனோட மல்லுக்கட்டணும்னு ஆசை. அதுக்கு நாங்க எதுக்கு வெறைக்கணும்?" என்றான்.

"ஊத்துத் தண்ணி வேணுமா வேணாமா?"

"வேணும்."

"அப்ப வெறைச்சுக்கிட்டே வாய மூடிக்கிட்டிரு."

நான் இப்படித்தான் பேசுவேன். எங்கள் வீட்டில் யாரும் தேன் தடவிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

கோடை கழிந்தது. குளிர் வந்ததும் எனக்கு வெர்லின் மேல் சந்தேகமும் வந்தது. சின்ன வயசிலிருந்தே சுகவாசி. திருட்டுத்தனமாகக் கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு தூங்கினால் யாருக்குத் தெரியும்? விடிவதற்கு முன்னால் பால் கறக்கப் போகும்போது, முற்றத்து விளக்கின் அடியில் நின்று கீழே அவன் வீட்டுக் கூரையைப் பார்ப்பேன். புகைபோக்கியில் ஆவி வருகிறதா, பனி எங்கேயாவது உருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். தினமும் பார்த்தேன். சொந்தத் தம்பியைத்தான், திருடனைப் பார்க்கிற மாதிரி.

ஜனவரியில் ஒரு நாள் கூரையில் ஒரு மூலையில் மட்டும் பனி உருகியிருந்தது. பால் வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி ஓடினேன். கதவைத் தட்டக்கூட இல்லை. நேராகச் சமையலறைக்குப் போய் அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. கேஸ் ஹீட்டரைத் தொட்டேன். அதுவும் சில்லென்றுதான் இருந்தது. நெட்ரா கோட்டைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் போர்வையையும் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் அந்தக் கரண்ட் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலேதான் அந்தக் கூரை மூலை.

எனக்குப் பின்வாங்க வரவில்லை. "இப்பத்தான் அணைச்சிருக்கீங்க. நான் வர்ற சத்தம் கேட்டிருக்கும்" என்றேன்.

"அக்கா, வெளிய போ" என்றான் வெர்லின்.

"ஊத்து நாசமாப் போனா அது ஒங்க தலையில."

"வெளிய போன்னு சொன்னேன்."

நெட்ரா அந்த வாரமே டவுனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது காரை என் வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "குளிரக்கூடப் பொறுத்துக்கிட்டேன். ஒங்க மொகத்தப் பொறுத்துக்க முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் வெர்லின் என்னோடு பேசவில்லை. நானும் போய்ப் பேசவில்லை.

மார்ச் திரும்பி வந்தது, வருஷம் முடிந்தது. நானே கோல்பியை வரச் சொன்னேன். நிலம் இரண்டு பேர் பெயரிலும் இருப்பதால் வெர்லினும் வந்தாக வேண்டியிருந்தது. வந்தான், உட்காரவில்லை, கதவில் சாய்ந்து நின்றான். கோல்பி டோனட் டப்பாவை மேஜை மேல் வைத்தான்.

"ஒன் குத்தகை செத்துப்போச்சு தம்பி. வருஷம் பூரா ரெண்டு வீட்டுலயும் ஒரு பொட்டு கேஸ் எடுக்கல. இனிமே நாங்க காட்டுற எடம்தான். ஊத்துக்கு மேல ஒன் லாரி ஒண்ணு ஏறுச்சுன்னா டயரச் சுட்டுருவேன்" என்றேன். ஒரு வருஷமாக இதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். வாய் இனித்தது.

கோல்பி கோபப்படவில்லை. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தான். நல்ல வெயில்.

"ஒரே ஒரு கேள்வி லியோட்டாம்மா. முற்றத்துல ஒரு வெளக்கு இருக்கே, அது எதுல எரியுது?"

"அது தாத்தா வெச்சது. அது பாட்டுக்கு எரியும்."

"எதுலன்னு கேட்டேன்."

நானும் ஜன்னல் வழியாக அந்த விளக்கைப் பார்த்தேன். இந்தப் பக்கம் பழைய வீடு ஒவ்வொன்றிலும் முற்றத்தில் அப்படி ஒரு விளக்கு உண்டு. வீட்டுக்குள் வராமல் கிணற்றிலிருந்தே தனிக் குழாயில் கேஸ் வந்து, ராத்திரி பகல் எரிந்துகொண்டே இருக்கும். கேஸ் ஓசி, தீக்குச்சிக்குத்தான் காசு என்று யாரும் அதை அணைப்பதில்லை. பகல் வெயிலில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது. எங்களுக்குக் கேஸ் என்றால் அடுப்பு, கேஸ் என்றால் ஹீட்டர். அந்த விளக்கு, வானத்தில் நிலா இருக்கிற மாதிரி அங்கே இருந்தது, அவ்வளவுதான்.

கோல்பி போனை எடுத்து நீட்டினான். ரோட்டிலிருந்து எடுத்த படம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரத்துப் பனியில், நான் ஏணி போட்டு ஏறி நின்று அந்த விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடி கையைச் சுட்டது இப்போது ஞாபகம் வந்தது.

"பயன்படுத்துற வரைக்கும்னு எழுதியிருக்கு. இது பயன்படுத்துறதுதானே?" என்றான். "கோர்ட்டுக்குப் போகணும்னா போங்க. புல்டோசர் திங்கக்கெழம வரும்." டோனட் டப்பாவை வைத்துவிட்டே போனான்.

நான் முற்றத்துக்கு ஓடினேன். கம்பத்தின் அடியில் குழாய்த் திருகு, பெயின்ட் மேல் பெயின்ட் பூசி மொழுக்கென்று கட்டிப்போயிருந்தது. ரெஞ்சைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இப்போது அணைத்து என்ன ஆகப்போகிறது என்று தெரிந்தும் திருகினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கையாலாகாத ஆத்திரம்.

வெர்லின் பின்னால் வந்து நின்றான். ஜனவரிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் என்னிடம் பேசினான்.

"கையில வெளக்க வெச்சுக்கிட்டே கெணத்துல விழுறதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் நேர்ல பாக்குறேன்."

"டேய், எனக்குத் தோணவே இல்லடா."

"எப்பிடித் தோணும்? நீ எங்க கூரையத்தான பாத்துக்கிட்டிருந்த."

அவன் இறங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் அவன் வீட்டுப் புகைபோக்கியிலிருந்து ஆவி கிளம்பியது. குழாயைத் திறந்துவிட்டான். இனிமேல் அவன் எதற்காக விறைக்க வேண்டும்?

நானும் இறங்கிப் போனேன். மன்னிப்புக் கேட்கவா, திட்டவா என்று எனக்கே தெரியவில்லை. வாசலில் காப்பி வாசம் வந்தது. உள்ளே போனில் நெட்ராவிடம், கிளம்பி வா, வீடு சூடாக இருக்கிறது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. இந்தத் தடவை கதவைத் தட்டினேன்.

தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

"அடுப்பத் தொட்டுப் பாக்க வந்தியா அக்கா?" என்றான் உள்ளே இருந்தபடியே. "சூடாத்தான் இருக்கு. போ."