லேபிள் பிரிண்டருக்காகத் திறந்த கதவு

அக்காவின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குத் தம்பி வந்து சேர்ந்தபோது ஒன்பது பேர் நாற்காலிகளில் காத்திருந்தார்கள். மூன்று கணினித் திரைகளிலும் ஒரே வாசகம்: உங்கள் கோப்புகள் பூட்டப்பட்டுவிட்டன.

"வாடா. இவ ஏதோ மெயிலைத் திறந்து தொலைச்சிருக்கா. நல்லா பாத்துச் சொல்லு. இவதான்னா இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்" என்றாள் அக்கா. வரவேற்பு மேசையோடு ரத்தம் எடுப்பதையும் பார்த்துக்கொள்ளும் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

தம்பிக்கு இரண்டு தெரு தள்ளிக் கணினி பழுதுபார்க்கும் கடை. செத்த மெஷினையும் எழுப்பி உட்கார வைப்பான் என்று வட்டாரத்தில் பேர். அந்தப் பேரை அவனே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தான் என்பது வேறு விஷயம்.

உட்கார்ந்து, கணினியில் எப்போது என்ன நடந்தது என்ற பதிவுகளைத் தோண்டினான். எட்டு நாற்பதுக்கு ஒரு மெயில், கூரியர் வந்திருக்கிறது என்று. அந்தப் பெண் திறந்திருக்கிறாள். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். அடுத்த வரியைப் படித்ததும் நிமிர்ந்துவிட்டான். எட்டு நாற்பத்து மூன்றுக்கு, வைரஸைத் தடுக்கும் காவல் மென்பொருளை எதுவோ கழுத்தைத் திருகிப் போட்டிருந்தது. மெயிலில் வந்த சில்லறைத் திருடனுக்கு அவ்வளவு பலம் கிடையாது. யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டிருக்க வேண்டும்.

திறந்துவிட்டது லேபிள் பிரிண்டரின் டிரைவர். ரத்தக் குழாய்களில் ஒட்டும் சீட்டை அடிக்கிற பழைய பிரிண்டர் அது. டிரைவர் என்பது கணினிக்கும் பிரிண்டருக்கும் நடுவே பேசி முடிக்கும் தரகன். தரகன்தானே என்று அவனை வாசலில் நிறுத்த முடியாது, உள்ளறை வரை போகிற உரிமை அவனுக்கு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் கணினியைப் புதுப்பித்தபோது, இந்தத் தரகனிடம் ஓட்டை இருக்கிறது, சேர்க்க மாட்டேன் என்று கணினியே மறுத்தது. அக்கா புது பிரிண்டர் வாங்கிவிடலாம் என்றாள்.

"எதுக்குக்கா? நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் தம்பி. மறுக்கிற பாதுகாப்பையே அணைத்துவிட்டு, எங்கோ ஒரு தளத்திலிருந்து பழைய டிரைவரை இறக்கிப் போட்டான். பிரிண்டர் டர்ரென்று சீட்டைத் துப்பியது. கூடமே கை தட்டியது.

இப்போது அவன் மனசுக்குள் பேரம் தொடங்கியது. மெயிலைத் திறந்தது அவள்தானே? பொய்யே வேண்டாம், உண்மையில் பாதியை மட்டும் தட்டில் வைத்தால் போதும். எடைக்கல்லைத் தொடாமலே எடை குறையும்.

"மெயில் வழியாத்தான்க்கா வந்திருக்கு."

"கேட்டியாடி?" என்றாள் அக்கா.

அந்தப் பெண் மேசை இழுப்பறையிலிருந்து சீப்பையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டாள். அவனைக் கடக்கும்போது மட்டும் தணிந்த குரலில் சொன்னாள்: "பிரிண்டர் போட்ட அன்னைக்கு, சிவப்பா எது வந்தாலும் 'தொடரவும்'னு அமுக்குன்னு நீங்கதானண்ணா சொன்னீங்க. இன்னைக்கும் வந்துச்சு, அமுக்கினேன். அக்காகிட்ட சொல்லல. கூடப் பொறந்தவங்களுக்குள்ள எதுக்கு நான் மூட்டிவிடணும்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவன் காது மடல் சுட்டது. அவள் கதவுப் பிடியில் கை வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அக்கா, அவ இல்ல. நான்."

"என்னடா நான்?"

சொன்னான். ஓட்டையை, அணைத்த பாதுகாப்பை, 'தொடரவும்' பொத்தானை. ஒன்பது பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள்.

"புதுசு வாங்கறேன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அப்புறம் ஏன்டா வேணாம்ன?"

உனக்குச் செலவு மிச்சம் என்று சொல்லியிருக்கலாம். அக்கா நம்பியும் இருப்பாள். "எல்லாரும் கை தட்டுவாங்கன்னுதான்" என்றான்.

அக்கா அவனைத் திட்டவில்லை. அந்தப் பெண்ணிடம், "பையை வை. அவசரப்பட்டுட்டேன்" என்றாள். அவள் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"வேற எங்கடா இந்த வேலை பாத்து வச்சிருக்க?"

"பதினோரு கடை."

"போனை எடு."

எடுத்தான். முதல் ஆள் மருந்துக் கடைக்காரர். கணினியை உடனே அணைக்கச் சொன்னான். "நல்லாத்தானேப்பா ஓடுது, எதுக்கு அணைக்கணும்?" என்றார் அவர். "ஓடறதுதாண்ணே ஆபத்து. நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றான். பதினோரு முறை அதையே சொன்னான். மூன்றாவது ஆள் சிரித்தார், ஏழாவது ஆள் குடும்பத்தையே இழுத்துத் திட்டினார். எந்த முறையும் வாய்க்குப் பழகவில்லை.

போனை வைத்ததும் அக்கா காத்திருந்தவர்கள் பக்கம் கை காட்டினாள். சனிக்கிழமை வரைக்குமான முடிவுகளுக்குத் தனி நகல் இருந்தது. இந்த வார முடிவுகள் போனது போனதுதான். பழைய ரத்தத்தையும் கொட்டியாகிவிட்டது. "இவங்ககிட்டயும் நீயே போய்ச் சொல்லு."

முதல் நாற்காலியில் ஒல்லியான ஓர் அம்மாள், முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிய இடம் இன்னும் நீலமாகக் கன்றியிருந்தது.

"உங்க ரிப்போர்ட் போயிடுச்சும்மா. மறுபடியும் ரத்தம் எடுக்கணும். தப்பு என்னோடது."

"மூணு தடவை குத்தித்தான் நரம்பு கிடைச்சுது தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா."

அம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மறு கையின் சட்டையை மெதுவாகச் சுருட்டிவிட்டாள். "அந்தப் பொண்ணக் கூப்பிடு. நீ தள்ளி நில்லு."

அவன் தள்ளி நின்றான். இன்னும் எட்டுப் பேர் இருந்தார்கள்.