மேடை வக்கீல்

"அந்தப் போனை எடுக்காத, பாப்பா. சொல்றேன்ல, எடுக்காத."

அண்ணன் சொல்லச் சொல்ல, போன் மூன்றாவது தடவையாக அடித்தது. இஸ்திரிப் பெட்டியைக் கறுப்புக் கோட்டின் மேலேயே வைத்துக்கொண்டு அண்ணி அவள் முகத்தைப் பார்த்து நின்றாள். துணி காந்தும் வாடை வந்த பிறகுதான் பதறிப்போய்ப் பெட்டியைத் தூக்கினாள். கோட்டின் ஒரு கை பளபளவென்று ஆகிவிட்டது.

பாப்பா போனை எடுத்துவிட்டாள். வக்கீல் கம்பெனியில் ஆளெடுக்கும் மேடம்தான்.

"எங்கம்மா இருக்க? சட்டக் கல்லூரியில பிள்ளைங்கல்லாம் வந்து உட்கார்ந்தாச்சு. நீதான் பேசணும்."

"மேடம், இன்னைக்கு எனக்குக் கோர்ட்டு. அந்தத் தீ விபத்துக் கேஸ். நான்தான் வாதாடணும்னு பெரியவரே சொல்லியிருக்காரு."

"அவர்கிட்ட பேசிட்டேன். கேஸை அவரோட அக்கா பையன் பார்த்துக்குவான். நீ இல்லாம மேடை எப்படிம்மா களைகட்டும்?"

அவள் போனை வைத்தாள். அண்ணன் சிரித்தார். சிரிக்கிற சிரிப்பா அது?

"துணிக்கடை பொம்மைக்குக்கூட அப்பப்ப புடவை மாத்துறாங்க. உனக்கு அதுவும் இல்ல."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அண்ணி. "இருக்கிற வேலையும் போச்சுன்னா, நீங்களா வாங்கித் தருவீங்க?"

அண்ணன் லாரிச் சாவியைத் தேடப் போனார். சாக்கடை அடைப்பு எடுக்கும் லாரியை ஓட்டுகிறவர் அவர். அவர் கையால் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்க யோசிக்கிறவர்கள் அந்தத் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். நகரத்திலேயே பெரிய வக்கீல் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்த அன்று, அவர்களே வந்து "எங்க தெருப் பொண்ணு" என்று உரிமை கொண்டாடினார்கள். அன்றிலிருந்து அவள் பெயர் வக்கீலம்மா. வக்கீலம்மா இன்றுவரை ஒரு நீதிபதியின் முன்னால் வாய் திறந்ததில்லை என்பது வீட்டுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

'அனைவருக்கும் வாசல்' என்று கம்பெனி ஒரு திட்டம் வைத்திருந்தது. இதுவரை ஏறெடுத்துப் பார்க்காத வீடுகளிலிருந்தும் வக்கீல்களை எடுப்பது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல முடியாது. வாசலும் நிஜமாகவே திறந்தது. ஆனால் அந்த வழியாக வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவைப்பது கம்பெனியின் வழக்கமாகிப் போனது. பெரிய கட்சிக்காரர்கள் வந்தால் அவளைக் கூப்பிட்டு நடுநாற்காலியில் உட்கார வைப்பார்கள். பேச்சு கேஸுக்குத் திரும்பியதும், "உனக்கு வேற வேலை இருக்குமேம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். லிஃப்டுக்குள் அவள் படம், வரவேற்பறையில் அவள் படம். கோர்ட்டில் மட்டும் அவளைக் காணோம்.

போன வாரம் கம்பெனியை நடத்தும் பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார்: "வாதாடின அனுபவம் உனக்குப் போதலையேம்மா. இந்த மாசத்துக்குள்ள ஒரு கேஸாவது எழுந்து பேசிடு. இல்லன்னா வேலையை நிரந்தரம் பண்றது கஷ்டம்." மாதத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒரு கேஸ்தான். எரிந்துபோன துணி ஆலைக்கு இன்சூரன்ஸ் பணம் தர மறுத்த வழக்கு. வாதம் முழுவதையும் எழுதியவள் அவள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கல்லூரிக்கே போனாள்.

மேடையில் அவளுக்குப் பின்னால் அவள் படமே ஆளுயரத்துக்குச் சிரித்தது. உட்கார முடியவில்லை. கோர்ட்டில் கேஸை எப்போது கூப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போதே கூப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

"இவங்க அண்ணன் என்ன வேலை பார்க்கிறார்னு தெரிஞ்சா அசந்துபோவீங்க" என்று மேடம் ஆரம்பித்தார். எல்லா மேடையிலும் இதைச் சொல்வார். சாக்கடை லாரி என்றதும் கைதட்டல் கிளம்பும். இன்றும் கிளம்பியது.

பின் வரிசையில் ஒரு பெண் எழுந்தாள்.

"அக்கா, நீங்க இதுவரைக்கும் என்னென்ன கேஸ் வாதாடியிருக்கீங்க?"

"ஒண்ணுகூட இல்ல."

மேடம் சட்டென்று மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சிரித்தார். "பார்த்தீங்களா, எவ்வளவு அடக்கம்!"

அதற்கும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மைக்கைத் திரும்ப வாங்கினாள்.

"அடக்கமெல்லாம் இல்லீங்க, நிஜம். என் கேஸ் இப்ப கோர்ட்ல இருக்கு, நான் இங்க இருக்கேன். தங்கச்சி, நீங்க தாராளமா இந்தக் கம்பெனிக்கு வாங்க. ஆனா கேஸ் இருக்கிற அன்னைக்கு மேடைக்குக் கூப்பிட்டா வரமாட்டேன்னு முதல் நாளே சொல்லிடுங்க. நான் சொல்லாம விட்டுட்டேன்."

கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"இதோட பலன் என்னன்னு தெரியுமா உனக்கு?" மேடத்தின் குரல் பல்லிடுக்கில் வந்தது.

"தெரியும் மேடம்."

ஆட்டோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றது. கோர்ட்டுப் படிகளை ஓட்டமாக ஏறினாள். உள்ளே வேறு கேஸ் நடந்துகொண்டிருந்தது. அக்கா பையன் கேஸ் கட்டைப் புரட்டிப் புரட்டி வியர்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லவேளை வந்தீங்க" என்றான். "நேத்து ராத்திரிதான் கையில கொடுத்தாரு. தலையும் புரியல, வாலும் புரியல."

முன் வரிசையிலிருந்து பெரியவர் திரும்பினார். "கூட்டம் அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

"முடியல சார். நான் வந்துட்டேன்."

"சரி, பின்னால போய் உட்காரு. இன்னைக்கு அவன் பேசட்டும்."

துணி ஆலைக் கேஸைக் கூப்பிட்டார்கள். அக்கா பையன் எழுந்தான். அவள் பின்னால் போகவில்லை. முன்னால் வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

நீதிபதி கண்ணாடிக்கு மேலாக இருவரையும் பார்த்தார். "ஆலை தரப்புல யாரு வாதாடுறீங்க?"

பெரியவர் அவளை முறைத்தார். ஆனால் நீதிபதியின் முன்னால் என்ன சொல்ல முடியும்? வாதாட உரிமை தரும் வக்காலத்தில் அவள் பெயரும் இருந்தது. எல்லாத் தரப்பு ஆட்களும் எங்களிடம் உண்டு என்று கட்சிக்காரருக்குக் காட்டுவதற்காக, அவரே போடச் சொன்ன பெயர்.

சாயங்காலம் வேலை இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். படம் இருக்கும். அடுத்த படம் கிடைக்கும்வரை லிஃப்டுக்குள் சிரித்துக்கொண்டிருக்கும்.

"நான்தாங்க, ஐயா" என்றாள்.

அக்கா பையன் கட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு உட்கார்ந்தான்.