ஆனைக்கரைப் பச்சை பியட்

கௌசிகா ஒரு பொருளை ஆசைப்பட்டுக் கேட்டு அவள் கணவர் பூபதிராஜா பார்த்ததே இல்லை. சேலைக் கடையில்கூட, "இருக்கறதே போதுமுங்க" என்று பாதியில் எழுந்து வந்துவிடுகிறவள். மலையாள எல்லையோரத்து நல்லேப்பிள்ளியில் அவர்களுக்கு வயலும் தென்னந்தோப்பும் இருந்தன. தோப்பு மோட்டார் நின்றுபோனால் மெக்கானிக்குக்கு முன்னால் கௌசிகாவைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு நிதானமான ஆள்.

அப்படிப்பட்டவள் ஒரு மத்தியானம், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்து, "இதப் பாருங்க" என்றாள்.

பழைய பியட் கார். தகரக் கொட்டகைக்குள் பச்சை நிறத்தில் நின்றிருந்தது. ஒரு பக்க விளக்கு லேசாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. விற்பனைக்கு, ஆனைக்கரை என்று கீழே போட்டிருந்தது.

"இது எதுக்கு?"

"வாங்கலாம்னு இருக்கேனுங்க."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

கௌசிகா கார் ஓட்டக் கற்று ஒரு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் இருந்த பொலேரோவை ஓட்டுவாள். ஆனால் அது தேங்காயும் மாட்டுத் தீவனமும் ஏற்றுகிற வண்டி.

"வேணும்னா புது வண்டியே எடுத்துக்கலாமே, கௌசி?"

"அதுக எல்லாம் நம்மளை ஓட்டுதுங்க. பெல்ட்டுப் போடு, கதவச் சாத்துன்னு கத்தீட்டே இருக்குது. எனக்கு நான் ஓட்டற வண்டி வேணும். மூடியத் தொறந்தா உள்ள இருக்கறது எனக்குப் புரியோணும்." போனைத் திரும்ப எடுத்துக்கொண்டு சொன்னாள்: "ஆனா எனக்கு இப்பக் கண்ணு தெரியாதுங்க. ஆசை மறைச்சிருக்கு. அதனால நீங்க கூட வரோணும். மோசமா இருந்தா வேண்டாம்னு சொல்லிப்போடோணும். நான் மூஞ்சியத் தூக்கி வெச்சாலுஞ் சரி, சொல்லிப்போடோணும்."

"சொல்லிப்போடறேன்" என்று பூபதிராஜா வாக்குக் கொடுத்தார்.

பொள்ளாச்சியில் அவருக்குத் தெரிந்த டிங்கர் பட்டறைக்காரர் ஒருவர் இருந்தார். பழைய வண்டியில் பெயின்டை நம்பவே கூடாது என்றார் அவர். ஓட்டையைப் பட்டி வைத்து மூடி மேலே பெயின்ட் அடித்திருப்பார்கள். காந்தம் ஒன்று கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், இரும்பு இருந்தால் ஒட்டும், பட்டியாக இருந்தால் விழுந்துவிடும் என்றார். பூபதிராஜா வீட்டுக்கு வந்து பிரிட்ஜ் கதவில் இருந்த படகு வடிவக் காந்தத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

விடிகாலையில் பொலேரோவில் கிளம்பி, பழனி, தேனி வழியாகப் போய், கம்பம் மெட்டு மலைப்பாதை ஏறி ஆனைக்கரைக்குப் போனார்கள். மேலே ஏலக்காய் வாசமும் மூடுபனியுமாக இருந்தது. கௌசிகா வழியெல்லாம், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளையைப்போலத் தலைமுடியை அடிக்கடி சரிசெய்துகொண்டாள்.

வண்டிக்காரர் பெயர் ஏசுரத்தினம். ஏலத் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு கேட் பச்சையாக இருந்தது. உள்ளே கொட்டகையில் காரும் அதே பச்சையில் இருந்தது. கிட்டப் போனால் பிரஷ் ஓடிய கோடுகள் தெரிந்தன.

"நானே அடிச்சேன்" என்றார் ஏசுரத்தினம். "பேப்பர் எல்லாம் புதுப்பிச்சு வச்சிருக்கேன், அண்ணாச்சி. இஞ்சின் முத்து மாதிரி இருக்கும். கண்ணுலதான் புரை விழுந்திட்டு. மூடுபனியில எனக்கு ரோடே தெரிய மாட்டேங்கு. அதான் கொடுக்கேன்."

கௌசிகா காரைச் சுற்றி வந்தாள். முன்பக்க மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். பூபதிராஜா அதைப் பார்க்காதது போல், பையிலிருந்து படகுக் காந்தத்தை எடுத்தார்.

கூரையில் ஒட்டியது. முன்மூடியில் ஒட்டியது. கதவின் கீழ்ப்பாகத்தில் வைத்தார். டிங்கென்று சிமென்டுத் தரையில் விழுந்தது. சக்கரத்துக்கு மேலே வைத்தார். விழுந்தது. அந்தப் பக்கக் கதவிலும் விழுந்தது. குனிந்து குனிந்து பொறுக்கி வைத்துக்கொண்டே போனார்.

ஏசுரத்தினத்தின் முகம் சுருங்கிவிட்டது. விடுவிடென்று வீட்டுக்குள் போனார்.

"கோவிச்சுட்டாருங்க" என்றாள் கௌசிகா மெதுவாக.

"நான் என்ன பண்ணட்டும்? நீதான பாக்கச் சொன்னே?"

ஏசுரத்தினம் திரும்பி வந்தபோது கையில் பெரிய ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. நேராகக் காரிடம் போய், கதவின் கீழே குத்தினார். பச்சைப் பெயின்டோடு பட்டி பெயர்ந்து விழுந்தது. உள்ளே சுருட்டித் திணித்திருந்த மலையாளப் பேப்பர் எட்டிப்பார்த்தது.

"பாத்துக்கிடுங்க. இங்கன இருக்கு. இந்தா, இங்கனயும் இருக்கு." ஒவ்வொரு இடமாகக் குத்திக் காட்டிக்கொண்டே போனார். "நான் ஒருத்தரையும் ஏமாத்துத ஆளு இல்ல, அண்ணாச்சி. முன்னால பாக்க வந்தவன் எல்லாம் இதப் பாத்துச் சிரிச்சான். ஒருத்தன் எடைக்குப் போடுவீங்களான்னு கேட்டான். எம்பொஞ்சாதிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போன வண்டி, எம்மவ கல்யாணத்துக்குப் போன வண்டி. எனக்குப் பொறுக்கல. அதான் பூசி மொழுகிட்டேன்."

பூபதிராஜாவுக்குச் சங்கடமாகப் போயிற்று. "நாங்க சிரிக்கலீங்ணா" என்றார். பிறகு ஒரு சாக்கை விரித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் படுத்தார். முன் சீட்டுக்குக் கீழே தரைத் தகட்டை விரலால் அழுத்தினார். சுட்ட அப்பளம் மாதிரி நொறுங்கியது.

வெளியே வந்தபோது இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கௌசிகா ஓட்டுநர் சீட்டில் இருந்தாள். "ஒரு சுத்துப் போய்ட்டு வரலாமுங்களா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்து மறுக்க அவரால் முடியவில்லை.

அந்தக் காலத்து பியட்டில் முன்னால் ஒரே நீள சீட்டு. கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும், அதனால் நடுவில் எதுவும் கிடையாது. ஏசுரத்தினம் பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, "உன் பக்கமா இழுத்துக் கீழ தள்ளு தங்கச்சி, அதான் ஒண்ணு" என்று சொல்லிக்கொடுத்தார். வண்டி இருமிவிட்டுக் கிளம்பியது. வளைவில் திரும்பியபோது பூபதிராஜா வழுக்கிக்கொண்டு போய் மனைவியின் தோளில் இடித்தார். அடுத்த வளைவில் மறுபடி இடித்தார். கல்யாணமான புதிதில் பஸ்ஸில் போனபோது இப்படி ஒட்டி உட்கார்ந்தது. அதற்கப்புறம் பைக், பிறகு நடுவில் கியர் கம்பு நிற்கிற பொலேரோ. எந்தப் பிடியையும் தேடாமல் அவர் அப்படியே இருந்துகொண்டார்.

தேவாலயம் தாண்டியதும் மழை பிடித்தது. ரோட்டோரக் குழியில் முன்சக்கரம் இறங்கியது. பூபதிராஜா விழாமலிருக்கக் காலை அழுத்தி ஊன்றினார். தகடு விட்டது. வலது கால் கணுக்கால் வரை காருக்கு வெளியே போயிற்று. அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி வேட்டியெல்லாம் சிவப்பாக்கியது.

"நிறுத்து! கௌசி, நிறுத்து!"

அவள் பிரேக் போட்டாள். நல்லவேளை, பிரேக் பிடித்தது. காலை மெதுவாக மேலே இழுத்துப் பார்த்தார். சிராய்ப்புக்கூட இல்லை. செருப்பு மட்டும் ரோட்டில் கிடந்தது. கௌசிகா குனிந்து, ஓட்டை வழியாகத் தெரிந்த தாரையும் அதில் ஓடிய மழைத் தண்ணீரையும் பார்த்தாள். பிறகு சேறாடிய கணவரைப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். முடியவில்லை. ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று யோசிக்க ஆரம்பித்தவர், யோசிப்பதை விட்டுவிட்டுத் தானும் சிரித்தார். பின்சீட்டில் ஏசுரத்தினம் மட்டும், "ஏசப்பா, ஏசப்பா" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியதும் ஏசுரத்தினம் பால் விடாத கட்டன் காப்பியும் அவித்த கிழங்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவர்கள் பேசிக்கொள்ளட்டும் என்று கேட் பக்கம் போய் நின்றார்.

"இப்பச் சொல்லுங்க" என்றாள் கௌசிகா.

பூபதிராஜா கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தார். "ஆணி அடிச்ச மாதிரிச் சொல்றேன். கதவு நாலுக்கும் அடியில இரும்பே இல்ல. தரையும் இல்ல. ஜாக்கி வெக்கற எடத்துல வெச்சா ஜாக்கி மேல போகும், வண்டி போகாது. வேண்டாம் கௌசி."

சொல்லிவிட்டு அவளைப் பார்க்காமல் காப்பியைக் குடித்தார்.

"சரிங்க" என்றாள் அவள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. கிழங்கில் ஒரு துண்டைத் தின்றுவிட்டுக் கேட்டாள்: "நீங்க சொன்னதுல செய்ய முடியாதது எதுங்க?"

"செய்ய முடியாததுன்னா... தரைக்குத் தகடு வெட்டி வெல்டு வெச்சுக்கலாம். ஜாக்கி எடத்துக்குக் கனமாப் போடோணும். கதவு கோயமுத்தூர்ல தேடுனாக் கெடைக்கும்." நிறுத்தினார். "நான் வேண்டாம்னு சொல்லீட்டனே?"

"சொன்னீங்க. எனக்காக நல்லா இருக்குதுன்னு சொல்லியிருந்தீங்கன்னாத்தான் எனக்குப் பயமா இருந்திருக்கும். இப்ப என்ன என்ன இல்லைன்னு எனக்குத் தெரியுது. இஞ்சின் நல்லா இருக்குது, பிரேக் பிடிக்குது. தெரிஞ்சே வாங்கறேனுங்க."

"நாளாகும்."

"ஆகட்டுமுங்க. தென்னை வெச்சுட்டுக் காத்திருக்கறதில்லையா நாம?"

உண்மையில் இரண்டாவது வளைவிலேயே அவரிடம் 'வேண்டாம்' தீர்ந்துபோயிருந்தது. "ஒண்ணு மட்டும்" என்றார். "எதை மாத்தினாலும் முன் சீட்டை மாத்தக் கூடாது."

"ஏனுங்க?"

"நல்லா இருக்குது, அதான்" என்று சொல்லிவிட்டு ஏசுரத்தினத்தைக் கூப்பிடப் போனார்.

விலை பேசுவதைக் கௌசிகா பார்த்துக்கொண்டாள். அதில் மட்டும் அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. ஆனால் கடைசியில், ஏசுரத்தினம் சாவியைத் துடைத்து அவள் கையில் வைத்தபோது, "கண்ணு ஆப்பரேசன் முடிஞ்சதும் எங்கூட்டுக்கு வரோணுங்ணா. நீங்களும் ஓட்டிப் பாக்கோணும்" என்றாள்.

லாரியில் ஏறி வந்த பியட், மழைக்காலம் முழுக்கப் பொள்ளாச்சிப் பட்டறையில் கிடந்தது. பட்டறைக்காரர் சலித்துக்கொண்டார். பூபதிராஜா வாரம் தவறாமல் போய் வெல்டைத் தட்டிப் பார்த்தார். கௌசிகா கார்புரேட்டரைத் தானே கழற்றிக் கழுவினாள். ஏசுரத்தினம் போன் பண்ணி, "எப்படி இருக்கான்?" என்று காரை விசாரிப்பார். ஒரு கதவு கிடைக்கவே இல்லை. பழையதையே ஒட்டுப் போட்டு வைத்தார்கள். அது இன்றைக்கும் ஒரே தடவையில் சாத்துவதில்லை.

தை மாதம் வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் பயணமாகக் கொல்லங்கோடு வரை போய்வந்தார்கள். இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல்கள். வேறு யார் ஓட்டினாலும் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருகிற பூபதிராஜா, திரும்பி வரும்போது வெயிலில் கண்ணயர்ந்து கௌசிகாவின் தோளில் சாய்ந்துவிட்டார்.

ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது விழித்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"ஏனுங்க, முழிச்சுட்டீங்கன்னாக் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கியர் போடோணும்" என்றாள் கௌசிகா.

அவர் அசையவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை. வண்டி அதே கியரில், அவசரமில்லாமல், நல்லேப்பிள்ளியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.