கேமராவுக்கு ஏற்ற முகங்கள்

கடவுளின் முன்னிலையில் எல்லா இருக்கைகளும் சமம். இந்த மாபெரும் உண்மையைச் சபைக் கூடத்தின் வாசலுக்கு மேலே பித்தளை எழுத்துகளில் பதித்திருந்தார்கள். அதற்கு நேர் கீழே, கண்ணாடிக் கதவில், புதிதாக ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது: 'முதல் ஐந்து வரிசைகள் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும்.'

எக்ஸ்சேஞ்ச் அக்கா அதை இரண்டு முறை படித்தாள். அந்தப் பெயர் சபையார் அவளுக்கு வைத்தது. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் காலமெல்லாம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் பேச்சை அடுத்தவருக்கு இணைத்துக் கொடுத்ததில் வலது காது முற்றிலும் போய்விட்டது. இடது காது, அதற்கு மனசு வந்தால் கேட்கும். அதனால்தான் அவள் எப்போதும் முதல் வரிசையில் உட்காருவாள். வாயசைவைப் பார்த்தால்தான் பிரசங்கம் அவளுக்குள் இறங்கும். பின்னால் போனால் அது வெறும் கையாட்டம்.

சபைச் செயலாளர் அவளுடைய கொழுந்தன். இறந்துபோன கணவரின் தம்பி. வாசலில் நின்று நரைத்த தலைகளையெல்லாம் பின்பக்கம் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி இது? சபை நடத்துறீங்களா, சினிமா எடுக்கிறீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. ஆராதனை நேரலையில போகுதில்ல? கேமராவுல முன்வரிசைதான் தெரியும். பாக்கிறவங்களுக்கு இது இளைஞர்களோட சபைன்னு ஒரு எண்ணம் வரணும்னு கோச் சொல்றாரு."

கோச் என்பவர் புதிய போதகர். பழைய போதகர் ஓய்வு பெற்றதும், 'இளசுகள் வருவதில்லை, வருகிறவர்களும் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போகிறார்கள்' என்று செயற்குழு தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் காலத்துக்கு ஏற்ற தலைமை என்று இவரைப் பிடித்து வந்தது. வெள்ளை ஷூ, முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். வந்த முதல் நாளே, "என்னைப் போதகர்னு கூப்பிடாதீங்க. நமக்குள்ள பெரியவன் சின்னவன் கிடையாது. கோச்னே கூப்பிடுங்க" என்று மேடையில் அறிவித்தார். பெரியவர்கள் பணிவோடு கீழ்ப்படிந்தார்கள். அன்றிலிருந்து அவர் 'கோச் ஐயா'.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஐந்து வரிசைக்கும் சேர்த்து ஒரே ஒரு இளம் தம்பதி. அவர்கள் மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முதல் வரிசையின் நடு நாற்காலியில், அவள் வழக்கமாக உட்காரும் இடத்தில், ஒரு கைப்பை இருந்தது.

"இளைஞருங்க எங்கப்பா?"

"வருவாங்க அண்ணி."

"அந்தப் பைக்கு என்ன வயசு?"

செயலாளர் நெளிந்தார். "அது என்னோடது."

"உனக்கு அறுபத்திரண்டு முடிஞ்சு போச்சே!"

செயலாளரின் கை தானாகத் தலைக்குப் போனது. முந்தின நாள் அடித்த டை, காது மடல் வரைக்கும் கறுப்பாக இறங்கியிருந்தது. ரகசியம் சொல்வதற்காகக் குரலைத் தாழ்த்தினார். அண்ணிக்குக் கேட்காது என்பது நினைவுக்கு வந்து, ஒரேயடியாக உயர்த்தினார்.

"நீங்களும் டை அடிச்சுட்டு வந்தா முன்னால உக்காரலாம் அண்ணி!"

வாசலில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்தது.

"உங்க அண்ணன் இருந்தப்பவே நான் அடிக்கல. இப்ப உங்க கேமராவுக்காகவா அடிக்கணும்? இந்தக் கூரை ஒழுகினப்போ பக்கெட்டைப் பிடிச்சுட்டு நின்னது யாரு? யாராவது ஆஸ்பத்திரியில படுத்தா துணைக்கு ஆள் வேணும்னு எந்த வீட்டுக்கு ஓடி வருவீங்க? அதுக்கெல்லாம் நரைச்ச தலை ஆகும். படத்துல வந்தா மட்டும் அசிங்கமா? வெக்கமா இல்ல?"

சத்தம் கேட்டுக் கோச்சே வந்தார். கன்னத்தை ஒட்டி மைக் வளைந்திருந்தது. "அம்மா, வயசுங்கிறது மனசுலதான் இருக்கு."

"அப்ப என் மனசு முன்னால உக்காரட்டும் கோச் ஐயா. நானும் அதுகூடவே வந்துடுறேன்."

கோச் கலகலவென்று சிரித்தார், அவள் தோளை அணைத்தார், "லவ் யூம்மா" என்றார், மேடைக்குப் போய்விட்டார். அன்பைத் தாராளமாகக் கொடுத்தவர், நாற்காலியை மட்டும் கொடுக்கவில்லை.

பின்வரிசைகளில் விளக்குகளை அணைத்திருந்தார்கள், கூட்டத்தின் வயது படத்தில் தெரியாமலிருக்க. அங்கிருந்த பழைய ஒலிபெருக்கிகளையும் கண்ணை உறுத்துகின்றன என்று கழற்றிவிட்டிருந்தார்கள். அந்த இருட்டில் ஓய்வுபெற்ற கம்பவுண்டருக்குப் பக்கத்தில் அக்கா உட்கார்ந்தாள். எங்கோ தொலைவில் ஒரு வெள்ளை ஷூ நடந்துகொண்டிருந்தது.

"ஒரு இழவும் கேக்கலையே அண்ணே."

"எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு, எனக்கே கேக்கல" என்ற கம்பவுண்டர், பையிலிருந்து போனை எடுத்து நேரலையைத் திறந்தார். திரை முழுக்கக் கோச்சின் முகம். உதடு ஒவ்வொன்றும் விரல் தடிமன். அக்கா தன் போனைத் திறந்தாள். முன்னால் இருந்தவர் பார்த்துவிட்டுத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் முழுவதும் சின்னச் சின்ன வெளிச்சங்கள்.

நேரலை கொஞ்சம் பிந்தித்தான் வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை. கோச் ஒரு நகைச்சுவை சொன்னார். கூடத்தில் சத்தமே இல்லை. முகம் வாடி, மனம் கலங்கி, சாவைப் பற்றி உருக்கமாகப் பேச ஆரம்பித்தார். அப்போது இருட்டிலிருந்து வெடிச்சிரிப்பு எழுந்தது. குழந்தை விழித்துக்கொண்டு அழுதது.

கோச் சமாளித்தார். மேடைத் திரையின் மூலையில், நேரலையை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று காட்டிய எண்ணைச் சுட்டி, "பாருங்க! போன வாரம் ரெண்டு பேரு, இன்னைக்கு இருபத்தேழு பேரு! உலகம் பூரா நம்ம சபையைப் பாக்குது!" என்று முழங்கினார். முன்வரிசையில் செயலாளர் தனியாகக் கைதட்டினார். அவர் ஓய்ந்தபிறகு, உலகம் பின்வரிசையிலிருந்து கைதட்டியது.

செயலாளர் குனிந்தபடி ஓடி வந்தார். "போனையெல்லாம் அணைங்க! கோச்சுக்குப் பேச்சே தடுமாறுது!"

"அணைச்சா அவர் பேசறது எனக்கு எப்படித் தெரியும்?" அக்கா எழுந்து நின்றாள். "என் இடத்தைக் குடு, அணைக்கிறேன்."

"எங்களுக்கும்தான்" என்றார் கம்பவுண்டர். வரிசை வரிசையாக எல்லோரும் எழுந்தார்கள். மேடையில் கோச் பேச்சை நிறுத்திவிட்டு, எதையாவது செய்து தொலையுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார்.

"சரி வாங்க, எல்லாரும் முன்னால வாங்க" என்றார் செயலாளர் செத்த குரலில்.

போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஐந்து வரிசையும் நரைத்து நிரம்பியது. அக்கா கைப்பையைத் தூக்கிக் கொழுந்தன் மடியில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள். கோச் வாயைத் திறந்தார், மூடினார். எண் இறங்கிக்கொண்டிருந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஒன்றில் வந்து நின்றது. அந்த ஒருவர் கோச்சின் மைத்துனர். பக்கத்து அறையில் உட்கார்ந்து படம் ஒழுங்காகப் போகிறதா என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.