ஸ்பிரிட் பட்ட நீலம்

கலைக்கூடத்திலிருந்து போன் வந்தபோது வார்னிஷ் வாத்தியார் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகத்தில் நுரையோடு வந்து எடுத்தார். நவீன ஓவியத்தில் அக்ரிலிக் வண்ணத்தின் இடம் பற்றி ஒரு பெரிய கண்காட்சி வைக்கப்போவதாகவும், அதற்காக வீட்டுக்கு வந்து படங்களைப் பார்க்க விரும்புவதாகவும் ஓர் இளம்பெண்ணின் குரல் சொன்னது.

"அக்ரிலிக்கா? நான் எண்ணெய் வண்ணக்காரன்மா. அந்த டியூபைக் கையாலகூடத் தொட்டதில்ல. உங்களுக்கு யாரோ தப்பாச் சொல்லியிருக்காங்க."

மறுமுனை தயங்கியது. "தெரியும் சார். நாங்க கேக்கறது அம்மாவோட படங்களை."

அம்மா என்று அந்தப் பெண் சொன்னது அவருடைய மனைவியை. அவள் இறந்து இன்னும் ஓர் ஆண்டு முடியவில்லை. வாத்தியார் "சரி, வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மகள் காபியோடு வந்து பார்த்தபோது, முகத்தில் நுரை காய்ந்துபோய், போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"யாருப்பா?"

"உங்கம்மா படம் வேணுமாம்."

வார்னிஷ் என்பது மாணவர்கள் வைத்த பட்டப்பெயர். ஓவியக் கல்லூரியில் எண்ணெய் வண்ணம் சொல்லிக்கொடுத்தவர் அவர். யார் எதை வரைந்து காட்டினாலும் மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் சரிதான், வார்னிஷ் எங்கே?" என்பார். மஞ்சளித்துப்போன பழைய ஓவியங்களை ஊரில் எங்கிருந்தெல்லாமோ அவரிடம் கொண்டுவருவார்கள். டர்பன்டைனில் அளவாக ஸ்பிரிட் கலந்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி அழுக்கு வார்னிஷை எடுத்து, அடியில் தூங்கிக்கொண்டிருக்கும் நிறத்தை வெளியே கொண்டுவருவார். அதில் அவர் கை தப்பியதே இல்லை.

கல்யாணமான புதிதில் மனைவியும் எண்ணெய் வண்ணத்தில்தான் வரைந்தாள். வீட்டின் முன்னறையில் படத்தை நிறுத்தி வரையும் தாங்கிகள் இரண்டு முதுகோடு முதுகாக நின்றன. மகள் பிறந்தாள். பிறந்ததிலிருந்தே குழந்தைக்கு மூச்சிழுப்பு. டர்பன்டைன் வாசனை ஆகாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முன்னறைக் கதவை எப்போதும் சாத்தி வைப்பது என்று முடிவானது. கதவுக்கு உள்ளே யார், வெளியே யார் என்பது பற்றி அந்த வீட்டில் பேச்சே எழவில்லை. அவளுடைய தாங்கி மடிந்து பரணுக்குப் போனது.

கொஞ்ச காலம் அவள் எதுவும் வரையவில்லை. பிறகு ஒருநாள் கடையிலிருந்து அக்ரிலிக் டியூப்கள் வாங்கிவந்தாள். தண்ணீரில் கரையும், வாசனை இல்லை, சீக்கிரம் காய்ந்துவிடும். குழந்தை ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஒரு பூச்சு காய்ந்து அடுத்ததற்குத் தயாராகிவிடும். சமையலறை மேஜைதான் இடம். விரிசல் விட்ட சாப்பாட்டுத் தட்டில் கலப்பாள். பாத்திரம் கழுவும் தொட்டியிலேயே தூரிகையையும் கழுவுவாள்.

"அது வண்ணமே இல்ல, பிளாஸ்டிக்," என்பார் வாத்தியார், நண்பர்கள் வந்திருக்கும்போது. "சுவத்துக்கு அடிக்கறதைத்தான் டியூப்ல அடைச்சு விக்கறான்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். "ஆமா, வீட்டுல ஒரு சுவரு பாக்கியில்லாம அடிக்கப்போறேன். நகர்ந்து உக்காருங்க, உங்க மேலயும் பட்டுடப்போகுது."

அப்படியே காலம் போய்விட்டது. அவர் கெட்ட கணவர் அல்ல. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அவளுடைய படங்களுக்குச் சட்டம் அடித்துக் கொடுத்ததும் அவர்தான். ஆனால் அவள் வரையும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. தண்ணீர் குடிக்க வந்தால் குடித்துவிட்டுப் போய்விடுவார்.

கலைக்கூடத்துப் பெண் வந்து படங்களை ஒவ்வொன்றாகச் சுவரோரம் சாய்த்து வைத்துப் பார்த்தாள். சமையலறைக்குள் நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். அடுப்புக்கு எதிர்ச்சுவரில் பெரிய நீலப் படம் ஒன்று மாட்டியிருந்தது. வாத்தியாரின் மனைவி கடைசியாக வரைந்தது. தண்ணீராகக் கரைத்த நீலத்தைப் பூச்சுக்கு மேல் பூச்சாக ஏற்றியிருந்தாள். நடுவில் கொஞ்சம் வெளிச்சம், ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல.

"இதுக்காகவே கண்காட்சி வைக்கலாம் சார்," என்றாள் அந்தப் பெண்.

"எண்ணெயில இதைவிட ஆழம் கொண்டுவரலாமே," என்றார் வாத்தியார், பழக்கதோஷத்தில்.

அவள் சண்டைக்கு வரவில்லை. "கொண்டுவரலாம் சார். ஆனா ஒரு பூச்சு காயவே எத்தனை நாள் ஆகும்? அதுக்குள்ள அந்த மனசு போயிடும். அக்ரிலிக் வந்தப்புறம்தான் நவீன ஓவியர்களுக்கு அந்தக் காத்திருப்பு போச்சு. கூரான ஓரம், தட்டையான நிறம், வெறும் துணியில ஊறவிடறது எல்லாம் அப்புறம்தான் இவ்வளவு சுலபமாச்சு. அம்மா யார்கிட்டயும் போய்க் கத்துக்கிட்ட மாதிரி தெரியல. இந்த மேஜையில உக்காந்தே கண்டுபிடிச்சிருக்காங்க."

புறப்படும்போது, "அடுத்த வாரம் வண்டியோட வர்றோம். படம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் சார். சுத்தம் பண்ற வேலையை நாங்க அங்க பாத்துக்கறோம்," என்றாள்.

அந்தக் கடைசிப் பேச்சுதான் வாத்தியாருக்கு உறுத்தியது. அவள் போன பிறகு நீலப் படத்தின் அருகில் போய்ப் பார்த்தார். தாளிப்புப் புகையும் தூசியும் சேர்ந்து பிசுபிசுப்பாகப் படிந்திருந்தது. தன் மனைவியின் படம் எண்ணெய்ப் பிசுக்கோடு அத்தனை பேர் முன்னால் போய் நிற்பதா? அதுவும், அழுக்கெடுப்பதில் பேர் வாங்கிய ஒருவன் வீட்டிலிருந்து? மனைவியின் படங்களுக்குச் சட்டம் அடித்ததைத் தவிர எதுவும் செய்யாதவருக்கு, செய்வதற்கு ஒன்று கிடைத்துவிட்டதுபோல இருந்தது.

மறுநாள் காலை மகள் வேலைக்குப் போனதும் படத்தை இறக்கி மேஜையில் கிடத்தினார். பஞ்சைச் சுருட்டி வைத்துக்கொண்டார். எதையும் முதலில் ஓரத்தில் சோதித்துப் பார் என்று மாணவர்களுக்குச் சொன்னவர், தானும் அப்படியே ஈரப் பஞ்சால் கீழ் ஓரத்தைத் துடைத்தார். பஞ்சு பழுப்பானது. துடைத்த இடத்தில் நீலம் பளிச்சென்று தெரிந்தது. அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்தா பாரு, உன் நிறம்," என்று வாய்விட்டே சொன்னார்.

நடுப்பகுதியில் பிசுக்கு கனமாக இருந்தது. தண்ணீருக்கு அது அசையவில்லை. முன்னறைக்குப் போய் ஸ்பிரிட் புட்டியை எடுத்துவந்தார். தண்ணீருக்குத்தான் சோதனை நடந்தது, ஸ்பிரிட்டுக்கு நடக்கவில்லை என்பது அவருக்கு அப்போது உறைக்கவில்லை. எத்தனையோ படங்களைக் காப்பாற்றிய கை, தானாகவே போய்த் துடைக்கத் தொடங்கியது.

பஞ்சு முதலில் பழுப்பாக வந்தது. அடுத்த பஞ்சு நீலமாக வந்தது.

அவர் கையை எடுத்துவிட்டார். ஆனால் ஸ்பிரிட் நிற்கவில்லை. வெளிச்சம் இருந்த இடம் பளபளவென்று இளகி, மேல் பூச்சும் அடிப் பூச்சும் ஒன்றோடொன்று குழம்ப ஆரம்பித்தன. பதறிப்போய்த் தோளில் கிடந்த துண்டால் ஒற்றினார். துண்டு ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் இழுத்தார். துண்டோடு ஒரு கை அகலத்துக்கு நீலத் தோல் உரிந்து வந்தது. அடியில் வெள்ளைத் துணி தெரிந்தது.

மாலையில் மகள் வந்தபோது அவர் துண்டை மடியில் வைத்துக்கொண்டு மேஜை முன் இருந்தார். ஸ்பிரிட் வாசனை வீடெங்கும் இருந்தது. அவள் படத்தைப் பார்த்தாள், புட்டியைப் பார்த்தாள்.

"என்னப்பா பண்ணீங்க?"

"அழுக்கா இருந்துதும்மா."

"அக்ரிலிக்ல போய் ஸ்பிரிட் போடுவாங்களா? கரைஞ்சிடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாது."

அவள் கத்த நினைத்தாள் போலிருக்கிறது. குரல் பாதியில் உடைந்துவிட்டது. "ஊருல உள்ளவங்க படத்துக்கெல்லாம் அது எதுல கரையும், எதுல கரையாதுன்னு ஆராய்ச்சி பண்ணுவீங்க. அம்மா இத்தனை வருஷமா இதே வீட்டுல, இதே மேஜையில வரைஞ்சாங்க. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருப்பீங்களா அவங்ககிட்ட?"

 அவள் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூச்சு இழுக்கிறது என்று வாசலில் போய் நின்றாள்.

வண்டி வருவதற்கு முன் இருந்த நாட்களில் வாத்தியார் மனைவியின் டியூப்களை எடுத்து வைத்துக்கொண்டு அட்டைத் துண்டுகளில் அந்த நீலத்தைப் பிடிக்கப் பார்த்தார். படத்தில் கை வைக்கும் துணிச்சல் அவருக்கு இனி இல்லை. நிறம் அச்சாக வந்துவிட்டது என்று அட்டையில் பூசுவார். காய்ந்ததும் கறுத்துப்போயிருக்கும். யோசிப்பதற்குள் தூரிகை விறைத்துவிடும். எண்ணெய் வண்ணம் ஒருநாளும் அவரை இப்படி விரட்டியதில்லை. மாலைக்குள் தரையெல்லாம் நீல அட்டைகள். அதில் ஒன்றுகூட அந்த நீலம் இல்லை.

மகள் அவற்றைப் பொறுக்கி அடுக்கினாள். கோபம் அவளுக்கும் களைத்துப்போயிருந்தது. "காஞ்சா கறுக்கும்ப்பா. அதனால அம்மா வெளுப்பாத்தான் கலப்பாங்க. எவ்வளவு வெளுப்புன்னு கேட்டா, 'நாளைக்குத் தெரியப்போற நிறத்தை இன்னிக்கே மனசுல பாத்துக்கணும்டி'ன்னு சொல்லுவாங்க."

"உனக்குச் சொல்லிக்கொடுத்தாளா?"

"பக்கத்துல உக்காந்திருப்பேன். தானாப் பேசிக்கிட்டே வரைவாங்க."

"என்ன பேசுவா?"

மகள் அவரைப் பார்த்தாள். "என்னென்னவோ," என்றாள். அவர் நீலம் அப்பிய கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதில் கன்னத்தில் கறை ஒட்டிக்கொண்டது. அவள் முந்தானையை நனைத்துத் துடைத்துவிட்டாள்.

கலைக்கூடத்துப் பெண் வந்ததும் வாத்தியார் சுற்றி வளைக்கவில்லை. "நான்தாம்மா கெடுத்தேன். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்," என்றார். அவள் படத்தின் முன் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கண்ணில் நீர் நின்றதை மறைக்கவில்லை. "ஆய்வகத்துல காட்டிப் பாக்கறேன் சார்," என்று மட்டும் சொன்னாள்.

ஆய்வகத்தின் பதிலை அவளே நேரில் வந்து சொன்னாள். பூச்சுகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்துவிட்டன, பிரிக்க முடியாது. உரிந்த இடத்தில் வேறு ஒருவர் வரைந்தால் அது அம்மாவின் படமாக இருக்காது. கண்காட்சியில் வைக்கப்போவதில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள் இருந்தது. அதைத் தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்.

"ஓவியம் பழுது பார்க்கப் படிக்கிற பிள்ளைங்க எங்ககிட்ட இருக்காங்க சார். அக்ரிலிக்கை எப்படிச் சுத்தம் பண்ணக்கூடாதுன்னு காட்ட... எங்ககிட்ட வேற படம் இல்ல. நீங்க மாட்டேன்னு சொன்னா வற்புறுத்த மாட்டோம்."

"அம்மாவோட நல்ல படம் தப்புக்கு உதாரணமாப் போகணுமா?" என்று மகள் எழுந்துவிட்டாள்.

வாத்தியார் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "போகட்டும்மா. இன்னொருத்தர் படத்தையாவது யாரும் கெடுக்காம இருப்பாங்க." பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "ஒண்ணே ஒண்ணு. வரைஞ்சது யாருன்னு முதல்ல சொல்லுங்க. கெடுத்தது யாருன்னு பிள்ளைங்க கேப்பாங்க. யாரோன்னு சொல்லாதீங்க. என் பேரைச் சொல்லுங்க."

வாரிசுகள் இருவரும் கையெழுத்திட வேண்டிய சம்மதத் தாளை மகள் இரண்டு முறை படித்தாள். கடைசியில் கையெழுத்துப் போட்டாள்.

கண்காட்சி திறந்தது. மற்றப் படங்கள் வெள்ளைச் சுவர்களில், ஒன்றுக்கொன்று இடம் விட்டு, விளக்கு வெளிச்சத்தில் தொங்கின. சமையலறையில் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தபோது அவை இவ்வளவு பெரியவையாக வாத்தியாருக்குத் தெரிந்ததில்லை. பழைய மாணவர்கள் சிலர் வந்து கைகொடுத்தார்கள். யாரும் வார்னிஷ் பற்றிக் கேலி பேசவில்லை. அவர் ஒரு சிவப்புப் படத்தின் முன்னால் போய் நின்றார். ஓரங்கள் கத்தியால் வெட்டியதுபோல இருந்தன. நடுவில் மட்டும் சிவப்பு, ஈரத்தில் ஊறியதுபோலப் பரவியிருந்தது.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்க இவங்களுக்கு என்ன வேணும்?"

"வீட்டுக்காரர்."

"அப்போ உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஓரம் இவ்வளவு கூரா இருக்கு, நடுவுல இப்படிப் பரவியிருக்கு. ரெண்டும் ஒரே படத்துல எப்படி வந்துது? நானும் கொஞ்சம் வரைவேன், அதான் கேக்கறேன்."

எந்தப் படத்தின் முன்னால் நிறுத்தினாலும் ஒரு மணி நேரம் பாடம் எடுக்கக்கூடியவர் அவர். மூக்கு இடிக்கும் தூரத்தில் போய்ப் பார்த்தார். 

"எனக்குத் தெரியாதும்மா. அவ வரையும்போது நான் பாத்ததில்ல," என்றார். பிறகு கூட்டத்தில் தேடி, "பாப்பா, இங்க கொஞ்சம் வா. இவங்க ஒண்ணு கேக்கறாங்க," என்று மகளைக் கூப்பிட்டார்.

மகள் வந்து சொல்லத் தொடங்கினாள். துணியை முதலில் நனைத்துக்கொள்வது, எதுவரை பரவவிடுவது, ஈரம் காய்ந்த பிறகுதான் டேப் ஒட்டி ஓரம் கட்டுவது, அந்த டேப்பை எப்போது உரிப்பது என்று அம்மாவின் கையசைவோடு சொன்னாள். கேட்க இன்னும் சிலர் கூடினார்கள். வாத்தியார் அவர்களுக்கு வழிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அங்கிருந்து அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லும்மா," என்றார்.