ஸ்ரீகுமாரியின் பிடியரிசிக் கலயம்

ஆடி மழையில் தென்னையிலிருந்து விழுந்து ரெத்தினதாசின் வலது கால் ஒடிந்தது. தொண்ணூற்று நாலாம் வருஷம். கொல்லயில் ஊரில் அவன் ஏறாத தோப்பு உண்டா? ஒரு நாளைக்கு நாற்பது மரம் ஏறி இறங்கிவிட்டு, வீட்டுக்கு வந்து விறகும் கீறுகிறவன். மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிய வைத்தியர், மூன்று மாசத்துக்கு மரத்தை அண்ணாந்து பார்க்க மட்டும் செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வலியைக்கூடப் பொறுத்தான். வீட்டில் அரிசி குறைந்துகொண்டே வந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பெண்டாட்டி ஸ்ரீகுமாரி முந்திரி ஆபீசில் கொட்டை உடைத்துக் கொண்டுவருவது அரை வயிற்றுக்குத்தான் காணும். யாரிடமும் கேட்கவும் அவன் விடவில்லை. "இண்ணைக்கு வரைக்கும் நான் ஒருத்தன் முன்னால கை நீட்டினதில்ல. நீ எவகிட்டயாவது போய் மூக்கச் சிந்தினேண்ணு கேட்டேன், பின்ன இந்த வீட்டுல கஞ்சி குடிக்கமாட்டேன்" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தான். கால்தான் ஒடிந்தது, வீம்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை.

அப்பேர்ப்பட்ட நாளிலும் அவள் பிடியரிசி எடுத்தாள் பாருங்கள், அதுதான் அவனுக்கு ஆகவேயில்லை.

அவர்கள் கிறிஸ்தவ சபையில் அது ஒரு வழக்கம். அரிசியை உலையில் போடுமுன் பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். மாசத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாக் கலயத்தையும் ஆலயத்தில் ஒரே சாக்கில் கொட்டுவார்கள். எந்த வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லையோ அந்த வீட்டுக்குச் சாக்கு போகும். ஸ்ரீகுமாரியின் கலயம் பதினாறு வருஷமாக வாய் ததும்பித்தான் போயிருக்கிறது, சிந்தாமலிருக்க மேலே துணி கட்டி.

"நமக்கே கஞ்சிக்கு வழியில்ல. ஆருக்குட்டி இந்த அரிசி?"

"தந்தவருக்காக்கும்."

"தந்தவரா? என் காலு மரத்துல ஏறிக் கொண்டுவந்த அரிசி."

"அந்தக் காலு ஆரு தந்தது?"

"பின்ன நான் விழும்போ அவரு எங்க போனாரு?"

"கழுத்து ஒடியாம தாங்கிப் பிடிச்சது ஆருண்ணு நினச்சிய? மழையும் தென்னையும் உங்க உசிரும் அவரு தந்தது. அதுல ஒரு பிடியத்தானே திரும்ப வைக்கேன். அதுக்குப் போய் இப்பிடிக் குதிக்கிய!" சொல்லிவிட்டு, ஒடிந்த காலோடு எப்படிக் குதிப்பது என்று அவளே சிரித்துவிட்டாள்.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பருக்கையெல்லாம் அவனுக்குக் கோரி வைத்துவிட்டு அவள் வெறும் கஞ்சித்தண்ணியைக் குடிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டுதானே கிடந்தான்? கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இப்படி ஊருக்கு அள்ளி வைத்துவிட்டு இவளும் விழுந்துவிட்டால்? அந்தப் பயம்தான் அவனைக் கள்ளனாக்கியது. அவள் ஆபீசுக்குப் போனதும் கம்பை ஊன்றி அடுக்களைக்குப் போவான். கலயத்திலிருந்து கொஞ்சம் அள்ளி அரிசி டப்பாவில் போடுவான். சொந்த வீட்டு அரிசியைச் சொந்த வீட்டுக்கே திருடுகிறவனை எங்கேயாவது கண்டதுண்டா? அந்த மாசம் முழுக்க இதே சோலிதான்.

முதல் ஞாயிறு வந்தது. விடியுமுன் அடுக்களை இருட்டில் பிடி போட்டு வந்தவள், துணி கட்டுவதற்காகக் கலயத்தை எடுத்தபோதுதான் உள்ளே பார்த்து அப்படியே நின்றாள். பாதிதான் இருந்தது.

"கை மறந்துபோச்சோ எனக்கு?" என்றாள். "இவ்வளவும் தந்தவருக்கு முன்னால இதயா கொண்டு வைப்பேன்?"

ரெத்தினதாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தான். பாவி. அவள் கலயத்தை முந்தானையால் மூடிக்கொண்டு தலை குனிந்தபடி போனாள்.

அன்று மத்தியானம் முற்றத்தில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. பெண்கள் சங்கத்துத் தலைவி நேசம்மா இறங்கினாள். பின்னாலேயே சாக்கும் இறங்கியது.

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஆலயத்திலிருந்து அதற்குள் வந்துவிட்டிருந்த ஸ்ரீகுமாரியைப் பார்த்துக் கத்தினான். "எட்டீ, நீ போய் சொன்னியா?"

"அவ ஒண்ணும் சொல்லல்ல" என்றாள் நேசம்மா. "நீரு விழுந்தப்ப நாங்க கேட்டோம், ஒரு குறையும் இல்லண்ணுட்டா. போன மாசமும் கலயம் ததும்பி வந்துது, நாங்களும் நம்பிட்டோம். இண்ணைக்குப் பாதிக் கலயத்தக் கண்டப்பளாக்கும் விளங்கினது. ஸ்ரீகுமாரி கலயமே குறையணும்ணா அந்த வீட்டு அடுப்புல தீயே இருக்காது. பெண்டுகள் எல்லாரும் ஒரே வாயா சொல்லிட்டாவ, சாக்கு இங்கதாண்ணு."

அவள் போனபிறகு ரெத்தினதாஸ் சாக்குக்குள் கையை விட்டான். சிவப்புச் சம்பா, ரேஷன் புழுங்கல், வெள்ளைப் பச்சரிசி, நொய் எல்லாம் கலந்து கிடந்தது. நாற்பது வீட்டுப் பிடி. எந்த மணி எவள் கையால் விழுந்தது என்று யாரால் சொல்ல முடியும்? இவருக்குக் கடன்பட்டேன் என்று ஒரு முகத்தைப் பார்த்துச் சுருங்க வழியில்லை. கும்பிடுவதென்றால் மேலே பார்த்துத்தான் கும்பிட வேண்டும்.

"ஸ்ரீகுமாரி," என்றான். "நீ மறக்கல்ல. நானாக்கும் எடுத்தது. தினமும்."

அவளுக்குக் கோபம் வந்து, போய், கண் நிறைந்து, கடைசியில் வாய்விட்டுச் சிரித்தாள். "கொள்ளாம்! நான் வாய் திறக்கக்கூடாதுண்ணு சத்தியம் வாங்கிட்டு, நீங்களே ஊருக்கு முன்னால காட்டிக்குடுத்திட்டியளே! உங்க களவயும் விடல்ல பாருங்க அவரு. அதுலயும் நமக்கு சோறு வச்சிருக்காரு."

இவள் எப்பேர்ப்பட்டவள் என்று அவன் அன்றுதான் நிமிர்ந்து பார்த்தான்.

உலை கொதித்தது. முறத்தில் அந்தக் கலப்பரிசியைக் கொட்டியவள், பழக்கத்தில் ஒரு பிடி எடுக்கக் கையை நீட்டினாள்.

"நில்லு" என்றான்.

அவள் கை அப்படியே நின்றது. அவன் கம்பை ஊன்றி வந்து, கஷ்டப்பட்டுக் குனிந்தான்.

"இண்ணைக்கு நான் போடட்டு."

மரத்தைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தப் பெரிய கையால் ஒரு பிடி அள்ளிக் கலயத்தில் போட்டான். இன்னொரு பிடி. மூன்றாவதுக்கும் கை போனது.

"போதும், போதும்! உங்க ஒரு பிடி என் மூணு பிடி உண்டு. உலைக்கு வேண்டாமா?"

"நீ சும்மா இரி" என்றான் ரெத்தினதாஸ். "தந்தவருக்காக்கும்."