இருட்டில் பாடின பாட்டு

1

இந்தக் கதையை நான் மூளையைக் கசக்கிக் கண்டுபிடிக்கவில்லை. காது சோதனை செய்யும் ஓர் அறையில் உட்கார்ந்திருந்தபோது சும்மா கிடைத்தது. பிற்பாடு யாராவது சொல்லிக்காட்டுவதைவிட நானே முதலில் ஒப்புக்கொள்வது மேல்.

சோதனைக்கு என்னைத் தள்ளிவிட்டது என் மனைவி. அவள் எதைச் சொன்னாலும் நான் "ம்" என்று தலையாட்டுகிறேனாம். அப்படி ஒருநாள் தலையாட்டியதன் பலனாக எங்கள் கூடத்தில் இப்போது ஒரு பச்சை சோபா கிடக்கிறது. "நீங்கதானே சரின்னீங்க" என்கிறாள். சோபா என்ற பேச்சே என் காதில் விழுந்ததாக எனக்கு நினைவில்லை. விழவில்லை என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. பச்சை நல்ல நிறம்தான் என்று சொல்லி அதில் உட்கார்ந்துவிட்டேன்.

சோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சு. காதில் ஹெட்போன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள். முடிந்ததும் கதவைத் திறந்து, "சார், நான் சத்தமே குடுக்காதப்ப நாலு தடவை அமுக்கினீங்க. என்ன வேலை பாக்கறீங்க?" என்றாள்.

"கதை எழுதறேன்."

"அதானே பாத்தேன்."

அவளுடைய கணினித் திரையின் ஓரத்தில் பாதி கிழிந்த டிக்கெட் ஒன்று செருகியிருந்தது. என்ன டிக்கெட் என்று கேட்டேன். அடுத்து வரவேண்டியவர் வரவில்லை. அவளுக்கும் யாரிடமாவது சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது போல.

2

தொடக்கம் ஒன்று:

"இசை என்பது காதுக்கும் இதயத்துக்கும் நடுவே—"

அடித்தாயிற்று. ஆண்டுவிழாவில் மைக் கிடைத்தவர் பேசுவது மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு:

"அரங்கத்தின் விளக்குகள் மெல்ல அணைந்தன. பார்வையாளர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு—"

யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பாதிப் பேர் இருக்கை எண் தேடிக்கொண்டிருந்தார்கள் என்று அவளே சொன்னாள்.

தொடக்கம் மூன்று, இப்போதைக்கு இதுதான் நிற்கிறது:

அரங்கத்துக்குள் போனதும் ரேடியோ, "நீ உள்ள போ. நான் ஓரத்துல உக்காந்துக்கறேன். காலை நீட்டணும்டி" என்றாள்.

(பெயர்களைச் சொல்லிவிடுகிறேன். சோதனைக்கு வரும் குழந்தைகள் அவளை "பீப் அக்கா" என்பார்கள், ஹெட்போனில் வரும் சத்தத்தை வைத்து. எனக்கும் அவள் பீப் அக்காதான். அவளுடைய சிநேகிதி ரேடியோ. பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். வாயைத் திறந்தால் மூட மாட்டாள். பேசாத நேரத்தில் பாடுவாள். இப்போது அச்சகத்தில் இயந்திரப் பிரிவில் இருக்கிறாள்.)

3

இரண்டு பேருக்கும் அந்தப் பாடகி என்றால் பதினைந்து வயதிலிருந்தே உயிர். பள்ளிவிட்டுச் சைக்கிளில் திரும்பும்போது பீப் அக்கா மிதிப்பாள், ரேடியோ பின்னால் உட்கார்ந்து பாடுவாள். பாட்டு முடிவதற்கு முந்தியே வீடு வந்துவிட்டால் இன்னொரு சுற்றுச் சுற்றி வருவார்கள். பீப் அக்கா ஒரு வரிகூடப் பாடமாட்டாள். பள்ளிக் கூட்டுப்பாட்டில் டீச்சர், "நீ வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்று சொல்லி நிறுத்திவைத்த குரல் அது.

பாடகி பதினோரு வருஷமாக மேடை ஏறவில்லை. திடீரென்று அறிவிப்பு வந்தது. வெறும் கச்சேரி இல்லை, நாடகம் மாதிரி. மேடையில் ஒரு வீடு. அந்த வீட்டைக் காலிசெய்துகொண்டு போகிற பெண்ணாகப் பாடகி வருவார். ஒரு பாட்டுக்கு ஒரு பொருள்: விளக்கு, கடிகாரம், நாற்காலி. பாடி முடித்ததும் அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுவார். மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்தவள் பீப் அக்கா.

அவள் உண்மையில் எதற்காக எடுத்தாள் என்று என்னிடம் நேராகவே சொன்னாள். ரேடியோ பாடிக் கேட்டு இரண்டு வருஷமாகிறது. பேச்சு குறையவில்லை, கூடத்தான் செய்திருந்தது. ஆனால் பாட்டு மட்டும் நின்றுபோயிருந்தது. கேட்டால், "வயசாயிடுச்சுடி, இனிமே என்ன பாட்டு" என்று வேறு கதைக்குத் தாவிவிடுவாள். பாடகியை நேரில் பார்த்தால் தன்னை அறியாமல் கூடவே பாடிவிடுவாள் என்று பீப் அக்கா கணக்குப் போட்டிருந்தாள். பாடகியின் குரலை எப்போது வேண்டுமானாலும் போனில் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு ஏக்கமெல்லாம் பின்சீட்டுக் குரலின் மேல்தான்.

முதல் பாட்டு வந்தது. விளக்குப் பாட்டு. அரங்கமே கூடச் சேர்ந்து பாடியது. பீப் அக்கா மேடையைப் பார்க்காமல் பக்கத்தில் பார்த்தாள். ரேடியோ கண் கொட்டாமல், மேடைக்கு மேலே இருந்த பெரிய திரையில் பாடகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

4

இந்த இடத்தில் எனக்கு என் பாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

பதினான்கு வருஷமாகக் காது சோதிக்கிறவள். தெருவில் எதிரே வருகிறவர் தலையைச் சாய்க்கும் விதத்தை வைத்தே எந்தக் காது மந்தம் என்று சொல்லக்கூடியவள். இவளுக்குத் தன் சிநேகிதியின் காது போய்க்கொண்டிருப்பது தெரியாமலா இருக்கும்? வாசகர் என்னைச் சும்மா விடுவாரா? ஒரு வரைவில் அவளைப் பல் டாக்டராக மாற்றிப் பார்த்தேன். கதை பொக்கையாகிவிட்டது.

பிறகு அவள் சொன்ன ஒன்று நினைவுக்கு வந்தது. காது மந்தமானவர்கள் இரண்டு விதமாம். ஒரு விதம் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள், என்னைப் போல. இன்னொரு விதம் விடாமல் பேசுவார்கள். எதிராளிக்கு வாய் திறக்க இடம் கொடுத்தால்தானே அவர் சொன்னது கேட்கவில்லை என்று வெளியே தெரியும்.

"வேற யாரு அப்படிப் பேசியிருந்தாலும் ரெண்டாவது நிமிஷம் புடிச்சிருப்பேன் சார். அவ பேசினதால, ரேடியோதானேன்னு விட்டுட்டேன்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. நான் சற்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன். ஆகவே அவள் காது சோதிப்பவளாகவே இருக்கட்டும்.

5

கடைசிப் பாட்டு.

மேடையில் எல்லாம் பெட்டிக்குள் போய்விட்டது. சன்னல் மட்டும் மிச்சம். பாடகி போய் அதைச் சாத்தினார். அவ்வளவுதான், எல்லா விளக்கும் அணைந்தது. திரையும் அணைந்தது. வாத்தியங்கள் நின்றுவிட்டன. கும்மிருட்டில், மைக் கூட இல்லாமல், பாடகி பாட ஆரம்பித்தார். மெல்லிய குரல். ஆயிரம் பேர் இருக்கிற இடத்தில் ஒரு இருமல்கூட இல்லை.

(இங்கே அந்தப் பாட்டின் வரிகள் வரவேண்டும். காலி இடம் விட்டிருக்கிறேன். ஏன் என்று பின்னால் தெரியும்.)

அந்த அமைதியில், ஓரத்து இருக்கையிலிருந்து, நல்ல கணீரென்ற குரலில்:

"என்னடி, கரண்ட் போயிடுச்சா?"

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பின்னால் யாரோ "உஷ்" என்றார்கள். ரேடியோவுக்கு இரண்டும் கேட்கவில்லை. "ஜெனரேட்டர் கூடவா வெச்சிக்கல? இவ்ளோ பெரிய எடம்!" என்று தொடர்ந்தாள். பீப் அக்கா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ரேடியோ புரிந்துகொண்டாள். என்ன நடக்கிறதென்று புரியவில்லை, தான் தப்பாக ஏதோ செய்துவிட்டோம் என்பது புரிந்தது. கை அப்படியே பீப் அக்காவின் கைக்குள் கிடந்தது.

விளக்கு வந்தது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். ரேடியோவும் தட்டினாள். எல்லோரையும்விடச் சத்தமாக.

முதல் வரைவில் அவளை இங்கே அழவைத்தேன். எடுத்துவிட்டேன். அவள் அழுகிற ரகம் இல்லை. அழுதவள் பீப் அக்கா, அதுவும் கை தட்டிக்கொண்டே.

6

கூட்டம் வெளியே வந்தது. முன்கூடத்துத் தூண்களில் கண்ணாடி பதித்திருந்தார்கள். ரேடியோ முன்னால் நடந்தாள், வழக்கம்போல வாயாடிக்கொண்டு. பாடகி பெட்டியில் கடிகாரத்தை வைத்த விதம், உடையின் நிறம், செருப்பு இல்லாமல் நடந்தது. எல்லாம் கண்ணால் பார்த்தவை. பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இப்போது பீப் அக்கா செய்த தவறு. அவள் வேலையில் இருக்கிறவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு. ரேடியோவுக்குப் பின்னால், வலது பக்கமாகப் போனாள். கையிலிருந்த நிகழ்ச்சித் தாளால் வாயை மறைத்துக்கொண்டாள். உதடு தெரியாமல் இருப்பதற்கு. முதலில் மெதுவாக: "உன் பை தெறந்திருக்கு." பிறகு சாதாரணமாக: "உன் பை தெறந்திருக்கு." மூன்றாவதாகக் கொஞ்சம் உரக்க. தினமும் இருபது பேரிடம் செய்வது. கை தானாகச் செய்துவிட்டது என்றாள். எனக்கு அது முழுசாக நம்பும்படி இல்லை, ஆனாலும் எழுதிவிட்டேன்.

ரேடியோ திரும்பவில்லை. ஆனால் தூணில் இருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டாள். பின்னால் தன் சிநேகிதி, தாளால் வாயை மூடிக்கொண்டு, தாடை அசைய.

நின்றாள்.

"எனக்கே டெஸ்டா?"

பீப் அக்கா தாளை இறக்கினாள். தாளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இனி வழியில்லை.

"மெதுவா ஒண்ணு, சாதாரணமா ஒண்ணு, சத்தமா ஒண்ணு. எல்லாம் தெரியும்டி. போன மாசம் வேற எடத்துல எடுத்துக்கிட்டாச்சு. வலது சுத்தமாப் போச்சு. இடது ஏதோ இருக்கு. மெஷின் வெக்கச் சொல்றாங்க."

"எங்கிட்ட ஏன்டி வரல?"

"உங்கிட்ட வந்தா அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்கார வெச்சிடுவே. அப்புறம் நான் பாவம் ஆயிடுவேன். இன்னிக்கு ஒரு நாள் சும்மா உங்கூட வந்து உக்காந்துட்டுப் போலாம்னு நெனச்சேன். அதையும் கெடுத்தே."

"கெடுக்கணும்னு செய்யல..."

"ஊர்ல இருக்கற காதையெல்லாம் டெஸ்ட் பண்ணு, வேணாங்கல. எங்கிட்ட மட்டும் பேசு. போதும்."

பீப் அக்கா கையிலிருந்த தாளைச் சுருட்டினாள். பதினான்கு வருஷமாக எத்தனையோ பேரிடம் எவ்வளவோ பக்குவமாகச் சொன்னவள். இப்போது எதையாவது தப்பாகச் சொன்னால் முப்பது வருஷ சிநேகிதம் இந்தத் தூணடியிலேயே நோயாளி–சோதனைக்காரி என்று ஆகிவிடும் என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கூட்டம் கரைந்தது. ரேடியோ பையை மூடினாள். (உண்மையாகவே திறந்துதான் இருந்தது.) பிறகு தன் இடது பக்கத்தைக் காட்டியபடி நின்றுகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னாள்:

"சரி. இருட்டுல என்ன பாடினாங்க?"

7

இதற்குப் பீப் அக்கா என்ன செய்தாள் என்பதுதான் கதை. என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

ஒன்று. அவள் சிநேகிதியின் இடது காதருகே போய்ப் பாடினாள். வாயை மட்டும் அசைக்கச் சொன்ன அதே குரலில், சுருதி எங்கேயோ, தாளம் எங்கேயோ. சைக்கிள் காலத்துப் பாட்டு என்று வைத்துக்கொள்வோம். ரேடியோ முகத்தைச் சுளித்து, "அய்யய்ய, அப்படி இல்லடி" என்று சரியாகப் பாடிக் காட்டினாள். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.

இரண்டு. "தெரியலடி. நீ பேசினதுக்கப்புறம் எனக்கும் ஒண்ணும் கேக்கல. உன் கையைத்தான் புடிச்சிட்டிருந்தேன்" என்றாள். ஆயிரம் பேர் கேட்ட பாட்டை அந்த இரண்டு பேர் மட்டும் கேட்கவில்லை.

மூன்று. "பழைய பாட்டுதான்டி, நமக்குத் தெரிஞ்சதுதான்" என்று பொய் சொன்னாள். ரேடியோ தலையாட்டினாள். பேசிக்கொண்டே பேருந்து நிறுத்தம்வரை போனார்கள். அதற்கப்புறம் ரேடியோ போன் செய்வது குறைந்து—

இதை எழுதி முடிக்க மனம் வரவில்லை.

8

எது நடந்தது என்று எனக்குத் தெரியாது. பீப் அக்கா சொல்லாமல் இல்லை. சொன்னாள். அந்த இடம் வந்தபோது என் ரிப்போர்ட்டை எடுக்கத் திரும்பிக்கொண்டாள். என் இடது பக்கம். முகம் திரையைப் பார்த்து. பிரின்டர் கரகரவென்று ஓடியது. அதன் நடுவே அவள் மூன்று, நான்கு வாக்கியம் சொன்னாள். தோள் லேசாகக் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பாட்டின் வரிகளுக்கு நான் விட்ட இடம் காலியாகவே கிடப்பதும் இதனால்தான். பிறகு என் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

நான் என்ன செய்தேன் என்று உங்களுக்கே தெரியும்.

"ம்" என்று தலையாட்டினேன். போதாததற்கு, "ரொம்ப நல்ல முடிவுங்க" என்றும் சொல்லிவைத்தேன்.

ஒரு நொடி என்னையே பார்த்தாள். தாளின் அடியில் ஏதோ எழுதி, நாலாக மடித்துக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பச்சை சோபாவில் உட்கார்ந்து பிரித்தேன். எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தில் வலது காதின் கோடு பரவாயில்லை. இடது காதின் கோடு படி இறங்கி இறங்கிக் கீழே போயிருந்தது. அடியில், குண்டு குண்டான கையெழுத்தில்:

"தலையாட்டாதீங்க. திரும்பச் சொல்லச் சொல்லுங்க. இல்லேன்னா உங்களுக்குச் சொல்ல வந்தவங்க தனியா நின்னுடுவாங்க."

என் இடது காது எப்படி என்று அந்த அறையில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யாருமில்லை. தெரியாமலா அந்தப் பக்கமாகத் திரும்பிச் சொல்லியிருப்பாள்? இல்லை, அழுகையை மறைக்கத் திரும்பினாளா? இரவல் கதையை எழுத உட்கார்ந்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லை.

ஆறு மாதம் கழித்து மறு சோதனை. அதுவரை ரேடியோ அந்தத் தூணடியில் இடது காதைக் காட்டிக்கொண்டு நிற்கட்டும் என்று விட முடியவில்லை. மூன்றில் எது என்று நீங்கள் முடிவுசெய்துகொள்ளுங்கள். நாலாவது ஒன்று தோன்றினால் என் வலது பக்கமாக வந்து சொல்லுங்கள், இரண்டு தடவை சொல்லவேண்டியிருக்கும்.

நான் இப்போது இதை நிறுத்த வேண்டும். சமையலறையிலிருந்து மனைவி ஏதோ சொல்கிறாள். நீளமாகச் சொல்கிறாள், நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தி என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். "ம்" என்று வாய்வரை வந்துவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டு, எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்று, என்ன சொன்னாய் என்று—